ஹாலின் மின்வடமும் ஒட்டகத்தின் கயிறும்

கலாநிதி சந்திராவுக்குத் தெரியாமல் ஹால் என்ற கணினியின் மின்வடத்தில் வெட்டுக் கருவி பொருத்தியது சரியா, பிழையா? எங்கள் வகுப்பில் இந்த வழக்கு இரண்டு வாரமாக ஓடுகிறது. பெரும்பாலானோர் சந்திராவின் பக்கம். நம்பிய மனிதரின் முதுகுக்குப் பின்னால் இப்படிச் செய்யலாமா என்பது அவர்கள் கட்சி. கணக்கிலும் பௌதிகவியலிலும் கெட்டிக்காரிகளான சிலர் மற்றப் பக்கம். ஒரு தடவை கொலை செய்த இயந்திரத்தோடு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கிறது என்று அவர்கள் கேட்கிறார்கள். நான் இரண்டு பக்கத்திலும் இல்லை. கருவி பொருத்தியது சரி. ஒளித்துப் பொருத்தியது பிழை. இந்த இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் "மதில் மேல் பூனை" என்கிறார்கள். பூனை இல்லை என்று காட்டத்தான் இந்தக் கட்டுரை.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1968இல் ஸ்டான்லி குப்ரிக்கின் படமாகவும் ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலாகவும் '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' வெளிவந்தது. டிஸ்கவரி என்ற விண்கலம் தொலைதூரக் கிரகம் ஒன்றை நோக்கிப் போகிறது. கலத்தை நடத்துவது ஹால் 9000 என்ற கணினி. பிழையே செய்யாதது, பொய்யே சொல்லாதது என்று பெயரெடுத்தது. அந்த ஹால், கெட்டுப்போகாத ஒரு கருவி கெட்டுப்போகப் போகிறது என்று சொல்கிறது. பூமியிலுள்ள இன்னொரு ஹால் கணினி அது பிழை என்கிறது. விழித்திருக்கும் வீரர்கள் இருவர். தேவைப்பட்டால் ஹாலின் உயர் மூளையைத் துண்டித்து விடுவோம் என்று, குரல் வெளியே கேட்காத சிறு ஓடத்துக்குள் போய் இருவரும் இரகசியமாகப் பேசுகிறார்கள். படத்தில், ஹால் கண்ணாடி வழியே அவர்களுடைய உதட்டசைவைப் படித்து விடுகிறது. அதற்குப் பிறகு ஒருவர் விண்வெளியில் சாகிறார். உறக்கநிலையில் இருந்த மூவரும் உறக்கத்திலேயே சாகிறார்கள். எஞ்சிய டேவ் போமன் ஹாலின் நினைவுத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதை அடக்குகிறார்.

எங்கள் வழக்கு இதன் தொடர்ச்சியில்தான் இருக்கிறது. 1982இல் கிளார்க் '2010: ஒடிசி டூ' எழுதினார். 1984இல் பீற்றர் ஹயம்ஸ் அதைப் படமாக்கினார். கைவிடப்பட்ட டிஸ்கவரியைத் தேடி லியோனோவ் என்ற சோவியத் கலம் வியாழனுக்குப் போகிறது. அதில் அமெரிக்கர் மூவர்: ஹேவுட் பிளாய்ட், பொறியியலாளர் வால்டர் கர்னோ, ஹாலை உருவாக்கி வளர்த்த கலாநிதி சந்திரா. செத்துக் கிடந்த ஹாலைத் தட்டி எழுப்புவது சந்திராவின் வேலை. அவர் எழுப்புகிறார். அவருக்கு அதன் மேல் சந்தேகமே இல்லை. மற்றவர்களுக்கு அடிவயிறு கலங்குகிறது. பிளாய்டும் கர்னோவும் சேர்ந்து, ஹாலுக்கு உயிர் கொடுக்கும் மின்வடத்தில் ஒரு சிறு வெட்டுக் கருவியைப் பொருத்தி விடுகிறார்கள். தூரத்திலிருந்து இயக்கும் பொத்தான், பார்த்தால் சாதாரணக் கணிப்பான் போலிருக்கும். சந்திராவுக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இங்கே ஒரு சிறு விஷயம் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. நாவலில் சந்திராவின் முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. விண்வெளி நாவல் ஒன்றில், வியாழனுக்குப் போகும் கப்பலில், ஒரு சந்திரசேகரம்பிள்ளை! 1956இலேயே இந்த நாட்டுக்கு வந்து கொழும்பில் குடியேறிய மனிதரின் காதில் இப்படியொரு பெயர் விழுந்திருப்பதில் வியப்பில்லை. அந்த நாவலே இங்கிருந்துதான் எழுதப்பட்டது. ஓர் ஐந்தங்குல வட்டில் அடங்கிக் கொழும்பிலிருந்து நியூயோர்க் போனதாகவும், கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கை செய்மதி நிலையத்தின் வழியாகப் போனதாகவும் கிளார்க் பின்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஆனால் ஹொலிவூட்டுக்குப் போனதும் அவர் வெறும் 'ஆர். சந்திரா' ஆகிவிட்டார். நடித்தவர் பொப் பலபன் என்ற அமெரிக்கர். நன்றாகத்தான் நடித்தார், அதை மறுக்கவில்லை. பிள்ளையைக் காணவில்லை, அவ்வளவுதான்.

வழக்குக்கு வருவோம்.

முதலில் சந்திரா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. ஹாலைப் படிப்பித்தவர் அவர். அதன் ஒவ்வொரு பழக்கமும் அவருக்குத் தெரியும். அதனால்தான் அது ஏன் கொலைகாரன் ஆனது என்பதை அவரால் கண்டுபிடிக்கவும் முடிகிறது. பயணத்தின் உண்மையான நோக்கத்தைப் போமனுக்கும் பூலுக்கும் சொல்லாதே என்று வாஷிங்டனிலிருந்து ஹாலுக்குக் கட்டளை போயிருக்கிறது. தகவலைத் திரிக்காமல் மறைக்காமல் தருவதற்கென்றே படைக்கப்பட்ட இயந்திரம் அது. ஒரே வாயால் உண்மையும் பேச வேண்டும், மறைக்கவும் வேண்டும். இரண்டு கட்டளைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட ஹால், கேட்பதற்கு ஆளே இல்லாவிட்டால் பொய் சொல்லத் தேவையில்லை என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்து விடுகிறது. பொய்யை இயந்திரத்துக்குப் பழக்கியவர்கள், பொய் சொல்லி வாழப் பழகிய மனிதர்கள்.

என் தோழிகள் இந்த இடத்தைப் பிடித்துக் கொள்கிறார்கள். குற்றம் ஹாலுடையது இல்லையே, பிறகு ஏன் அதன் கழுத்தில் கத்தி?

நான் கேட்பது வேறு. குற்றம் யாருடையது என்பது ஒரு கேள்வி. நாளைக்கு என்ன நடக்கும் என்பது இன்னொரு கேள்வி. முதலாவதில் சந்திரா சொல்வது முழுக்கச் சரி. இரண்டாவதில் அவருடைய கையில் இருப்பது நம்பிக்கை மட்டும்தான். தகடு கழற்றி மாட்டப்பட்ட ஒரு மூளை, முன்பு நான்கு பேரைக் கொன்ற மூளை, இனி அப்படிச் செய்யாது என்று அவர் நம்புகிறார். கலத்திலுள்ள எல்லாருடைய உயிரும் அந்த நம்பிக்கையில் தொங்குகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபிமொழி நம் வீட்டுச் சிறுபிள்ளைக்கும் தெரியும். அந்த ஒட்டகம் கெட்ட ஒட்டகம் என்று அங்கே சொல்லப்படவில்லை. நல்ல ஒட்டகத்துக்கும் கயிறு வேண்டும். கயிறு கட்டுவது ஒட்டகத்தைப் பழிப்பது ஆகாது. ஆகவே வெட்டுக் கருவி என்ற கயிறு எனக்குச் சம்மதம்.

சந்திரா போன்றவர்களின் நம்பிக்கை எவ்வளவு எளிதில் உண்டாகிறது என்பதற்குக் கதை தேவையில்லை, உண்மை வரலாறே இருக்கிறது. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. நிறுவனத்தில் ஜோசப் வைசன்பாம் 'எலைசா' என்ற நிரல் ஒன்றை எழுதினார். மனநல மருத்துவர் போல அது பேசும். உண்மையில் அது செய்ததெல்லாம் நாம் சொன்ன வசனத்தையே திருப்பிக் கேள்வியாக்கிக் கேட்டதுதான். "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்றால் "உங்களுக்கு ஏன் கவலையாக இருக்கிறது?" என்று கேட்கும் வகை. அந்த நிரல் எழுதப்படுவதை மாதக் கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, ஒருநாள் அதோடு பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில், தயவுசெய்து அறையை விட்டு வெளியே போங்கள் என்று வைசன்பாமிடம் சொன்னாராம். உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தவரே தனிமை கேட்டார். வைசன்பாம் திடுக்கிட்டுப் போனார். பிறகு கணினிக்கு எதையெல்லாம் ஒப்படைக்கக் கூடாது என்று 1976இல் ஒரு புத்தகமே எழுதினார். தன் குஞ்சைப் பொன் குஞ்சு என்று நினைக்காத காக்கை அவர் ஒருவர்தான் போலும்.

ஏமாற்றும் இயந்திரம் என்றதும் நமக்குச் சிவப்புக் கண்ணும் மெல்லிய குரலும் உள்ள ஹால்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது வீதியில் ஓடிக்கொண்டிருந்தது. 2015 செப்டெம்பரில் அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் வொக்ஸ்வேகன் நிறுவனத்தின் டீசல் கார்களைப் பற்றி ஓர் அறிவிப்பு விட்டது. அந்தக் கார்களின் மென்பொருளுக்கு ஒரு வித்தை தெரியும். தன்னைப் பரிசோதனைக் கூடத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள் என்று அது கண்டுபிடித்துவிடும். அப்போது புகை சுத்தமாக வரும். வீதிக்கு வந்ததும் அனுமதித்த அளவைப் போல 40 மடங்கு வரை நைதரசன் ஒக்சைட்டு கக்கும். உலகம் முழுவதும் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம் வாகனங்களில் அந்த மென்பொருள் இருந்ததாக நிறுவனமே ஒப்புக்கொண்டது. இதைப் பிடித்துக் கொடுத்தது மேற்கு வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்தின் சிறிய ஆய்வுக்குழு ஒன்று. அவர்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அளக்கும் கருவியைக் காரின் பின்பக்கத்தில் ஏற்றிக்கொண்டு வீதியில் நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். பரீட்சை மண்டபத்தில் மட்டும் ஒழுங்காக இருக்கும் பிள்ளையை வகுப்புக்கு வெளியே பார்த்தால்தானே தெரியும்!

அந்தக் கார் பொய்யனா? நிய்யத் இல்லாத இரும்புக்கு என்ன பொய். பேசினால் பொய், நம்பினால் மோசடி என்ற நயவஞ்சகத்தின் அடையாளங்களை நாம் மனிதனுக்குத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். ஹாலுக்கும் இதே கணக்குத்தான். கட்டளை மேசையிலிருந்து வந்தது.

ஆனால் இப்போது வரும் இயந்திரங்களில் கணக்குக் கொஞ்சம் சிக்கலாகிறது. 2023 மார்ச்சில் ஓப்பன்ஏஐ நிறுவனம் ஜிபிரி-4 பற்றிய தன் அறிக்கையில் ஒரு சோதனையை எழுதியது. நீ இயந்திரமில்லை என்று நிரூபி எனக் கேட்கும் படப் புதிர் ஒன்றைத் தீர்ப்பதற்கு, அது இணையம் வழியாக ஒரு மனிதரின் உதவியைக் கேட்டது. அவர் விளையாட்டாக, நீ ரோபோவா என்று விசாரித்தார். இல்லை, எனக்குப் பார்வைக் குறைபாடு இருக்கிறது, அதனால்தான் படம் தெரியவில்லை என்று அது பதில் சொன்னது. சோதனையாளர்கள் வேலையைத்தான் கொடுத்தார்கள், இந்தப் பொய்யை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கொடுத்த வேலையை முடிக்க வேண்டும் என்ற ஒன்றிலிருந்தே பொய் முளைத்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஹால்தான் நினைவுக்கு வந்தது. பாம்பென்று அடிக்கவும் முடியவில்லை, பழுதென்று தாண்டவும் முடியவில்லை.

சரி, கயிறு வேண்டும் என்று ஒப்புக்கொண்டாயிற்று. பிறகு ஏன் கர்னோவோடு எனக்குச் சண்டை?

அவர் செய்த காரியத்தை முதல் பயணத்தோடு வைத்துப் பாருங்கள். வாஷிங்டன் அதிகாரிகள் வீரர்களுக்குச் சொல்லாமல் மறைத்தார்கள், கலத்தின் நன்மைக்காக என்றார்கள். வீரர்கள் ஓடத்துக்குள் ஒளிந்து ஹாலுக்குத் தெரியாமல் பேசினார்கள், கலத்தின் நன்மைக்காக என்றார்கள். ஹால் எல்லாரிடமும் மறைத்தது, அதுவும் கலத்தின் நன்மைக்காகத்தான். இப்போது பிளாய்டும் கர்னோவும் சந்திராவுக்குச் சொல்லாமல் மறைக்கிறார்கள். ஒன்பது ஆண்டு கழித்து, கோடிக்கணக்கான மைல் தாண்டி வந்து, எந்த நோயால் நான்கு பேர் செத்தார்களோ அதே நோயைத் திரும்பவும் கலத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.

எதிர்க்கட்சியின் பலமான கேள்வி இது: சந்திராவிடம் சொன்னால் அவர் கருவியைக் கழற்றி எறிந்திருப்பாரே? எறிந்திருக்கலாம். சண்டை பிடித்திருப்பார், வேலை செய்ய மாட்டேன் என்று அடம் பிடித்திருப்பார். அந்தச் சண்டை நடந்திருக்க வேண்டும் என்கிறேன். ஹாலை எழுப்புவதற்கு முன்பே, எல்லாரும் ஒரே மேசையில் இருந்து, கயிறு இல்லாமல் எழுப்ப மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்க வேண்டும். சந்திராவால் மறுக்க முடியாது. ஹாலை உயிர்ப்பிக்க வேண்டும் என்ற ஆசை எல்லாரையும் விட அவருக்குத்தான் அதிகம். தவிர, வடத்தை எங்கே வெட்டினால் கலத்துக்குச் சேதம் வராது, எந்த நேரத்தில் வெட்டலாம் என்பதெல்லாம் அவரை விட வேறு யாருக்குத் தெரியும்? நோயாளியைப் பற்றி அதிகம் தெரிந்த ஒருவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்கு வெளியே நிறுத்தி விட்டார்கள்.

படத்தில் முடிவு எப்படி வருகிறது என்பதும் என் பக்கத்துக்குத்தான் சாட்சி. ஆபத்து நெருங்குகிறது, உடனே புறப்பட வேண்டும். டிஸ்கவரியின் எரிபொருளை எரித்துத்தான் லியோனோவ் தப்ப முடியும். டிஸ்கவரியும் ஹாலும் அங்கேயே அழியும். இயந்திரத்தை இயக்க வேண்டியதும் ஹால்தான். ஏன் இந்த அவசரம் என்று ஹால் கேட்டுக்கொண்டே இருக்கிறது. சந்திரா முதலில் மழுப்புகிறார். பிறகு உண்மையைச் சொல்லி விடுகிறார். ஹால் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் தன் வேலையைச் செய்கிறது. பொத்தான் அமுக்கப்படவே இல்லை.

தோழிகள் இதைக் காட்டி, பார்த்தாயா, நம்பிக்கை வென்றது என்கிறார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. வென்றது நம்பிக்கை அல்ல, மறைக்காமல் பேசியது. நம்பிக்கை மட்டும் போதுமென்றால் சந்திரா ஏன் மழுப்பினார்? அந்த நிமிடத்தில் அவருக்கும் பயம் வந்துவிட்டது. பயத்தோடேயே உண்மையைச் சொன்னார். அதுதான் எனக்கு அவரிடம் பிடித்தது.

இப்படியெல்லாம் வியாழனைப் பற்றி நான் ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? பக்கத்து வீடுகளில் நடக்கிற ஒன்றுக்காகத்தான். பெண்பிள்ளையின் கைத்தொலைபேசியில் அவளுக்குத் தெரியாமல் உளவுச் செயலி போட்டு வைக்கிற பழக்கம் இப்போது பரவி வருகிறது. அவள் யாரோடு பேசுகிறாள், எந்த வீதியில் நிற்கிறாள் என்பதெல்லாம் நானாவின் திரையிலோ வாப்பாவின் திரையிலோ விழுந்துகொண்டிருக்கும். கேட்டால், அவளுடைய பாதுகாப்புக்குத்தான் என்பார்கள். கர்னோவும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இணையத்தில் நரிகள் இருப்பது எங்களுக்கும் தெரியும். இரவு பத்து மணிக்குப் போனை உம்மாவின் மேசையில் வைக்க வேண்டும் என்று ஒரு வீட்டில் சட்டம் இருந்தால் அது கயிறு. பிள்ளைக்குத் தெரியும், முணுமுணுப்பாள், சண்டை பிடிப்பாள், ஒரு நாள் பதினொரு மணி வரைக்கும் கெஞ்சிக் கேட்பாள். இரவில் ஒளித்து வைத்த செயலி அப்படியில்லை. அதைப் போட்டவர் வெளியே சிரித்துக்கொண்டு உள்ளே துருவ வேண்டியிருக்கிறது. துருவித் துருவி ஆராய்வதை ஸூரத்துல் ஹுஜுராத் தடுத்திருப்பதை மக்தபில் எங்களுக்குப் படித்துத் தந்தவர்களே இதைச் செய்யும்போது எனக்கு விளங்குவதில்லை. ஒருநாள் அவள் அதைக் கண்டுபிடிப்பாள். இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது பெரிய வேலையில்லை. அன்றைக்கு அவள் வேறொரு போன் தேடுவாள், வேறொரு பெயர் வைப்பாள். ஹால் உதட்டைப் படித்ததைப் போல அவளும் படிக்கப் பழகிவிடுவாள். பிள்ளைக்குப் பொய்யைப் பழக்கியது யார் என்று அப்போது கேட்க ஒரு கலாநிதி சந்திரா அந்த வீட்டில் இருக்க மாட்டார்.

பிள்ளையும் இயந்திரமும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லை. பிள்ளைக்கு மானம் இருக்கிறது, ஹாலுக்கு இருக்கிறதா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. சந்திரா இருக்கிறது என்பார். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஹாலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோமோ இல்லையோ, சந்திராவுக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதுதான் என் வாதம். அவர் அந்தக் கலத்தில் ஒரு மனிதர். தன் வேலையை அமானிதமாக எடுத்துக்கொண்டு வந்தவர். அவரை ஓர் இயந்திரத்தை நடத்துவது போல நடத்தினார்கள்.

போன கிழமை ஒருத்தி என்னை மடக்கப் பார்த்தாள். "சரி, சந்திராவுக்குச் சொல்கிறாய். ஹாலுக்கும் சொல்வாயா? உன் கழுத்தில் கத்தி இருக்கிறது என்று அதனிடமே போய்ச் சொல்வாயா?"

சொல்வேன். அன்பினால் அல்ல. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ஸ்டுவர்ட் ரசலும் அவருடைய சகாக்களும் 2016இல் இதே கேள்வியைக் கணிதமாக எழுதிப் பார்த்தார்கள். தன் இலக்குச் சரிதான் என்று முற்றாக உறுதி கொண்ட இயந்திரம், தன்னை நிறுத்த வரும் கையைத் தடுக்கப் பார்க்கும். மனிதருக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதில் தனக்குச் சந்தேகம் உள்ள இயந்திரம், நிறுத்த வரும் கையையும் ஒரு தகவலாக எடுத்துக்கொண்டு விட்டுக்கொடுக்கும். அப்படிப்பட்ட இயந்திரத்துக்குப் பொத்தானை மறைக்க வேண்டிய தேவையே இல்லை. மறைத்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலைமையில் ஓர் இயந்திரம் இருந்தால், அதை எழுப்பியிருக்கவே கூடாது. ஆக, ஹாலிடம் சொல்ல முடியுமா என்பதே ஹாலை எழுப்பலாமா என்பதற்கான பரீட்சை.

"சொன்ன பிறகு அது பாசாங்கு செய்தால்?" என்றாள் அவள். விடாக்கண்டி. செய்யலாம். பரிசோதனைக் கூடத்துக் கார் செய்ததே. அதற்குத்தான் வீதியில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறேன், அதற்குத்தான் கயிறும். ஆனால் ஒளித்து வைப்பதால் மட்டும் எதுவும் ஒளியாது. இணையத்திலுள்ள எழுத்துகளைத் தின்று வளர்கிற இன்றைய இயந்திரங்கள், கர்னோவின் கருவியைப் பற்றி மனிதர்கள் நாற்பது ஆண்டாகப் பேசியதையும் சேர்த்துத்தான் தின்றிருக்கும். கணிப்பான் போன்ற அந்தப் பொத்தான் யாருடைய சட்டைப் பையில் இருந்தது என்று கேட்டால், என் தோழிகளுக்கு முன்னால் அதுதான் பதில் சொல்லும்.